“சார், அடுத்த மேட்ச் எப்போ?”: கால்பந்துக் கூட்டமைப்புக்கு ஏற்காட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்த ஒரு பள்ளியில் 23 ஆண்டுகளாக உடற்கல்வி ஆசிரியராக இருந்து வருகிறேன். அதைவிட நீண்ட காலமாக இந்தியக் கால்பந்து அணியின் ரசிகனாகவும் இருந்து வருகிறேன். முதல் வேலைக்கு அரசு சம்பளம் தருகிறது. இரண்டாவதற்கு எங்கள் அணி தந்ததெல்லாம் பெரும்பாலும் தோல்விதான் என்றாலும், அந்த அணியை விட்டு விலக வேண்டும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. அந்த உரிமையில்தான் இந்த மடலை எழுதுகிறேன். 2025 நவம்பர் 18 அன்று இரவு மனத்தில் எழுதத் தொடங்கிய மடல் இது. காகிதத்துக்கு வர இத்தனை நாள் ஆகிவிட்டது.

அன்று டாக்காவில் வங்கதேசத்தோடு ஆட்டம். ஒண்டிக்கடைக்கு அருகில் எங்கள் நண்பர் ஒருவர் டீக்கடை வைத்திருக்கிறார். இந்தியா ஆடும் நாட்களில் வியாபாரம் முடிந்ததும் கதவைப் பாதி சாத்திவிட்டு, பெஞ்சுகளை உள்ளே இழுத்துப் போட்டு, நாங்கள் எட்டுப் பத்துப் பேர் அங்கே உட்கார்ந்து பார்ப்பது வழக்கம். அன்று 11-வது நிமிடத்திலேயே கோல் விழுந்துவிட்டது. அதன்பின் இருந்த நேரம் முழுவதும் ஒரு கோலைத் திருப்பிப் போட முடியாமல் நம் பிள்ளைகள் ஓடி ஓடிக் களைத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வங்கதேசம் நம்மை வென்று 22 ஆண்டுகள் ஆகியிருந்தன என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். ஆட்டம் முடிந்ததும் கடைக்காரர் எழுந்துபோய், யாரும் கேட்காமலேயே எல்லாருக்கும் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். குளிருக்காகக் கொடுத்தார் என்று சொல்லிக்கொண்டோம்.

மறுநாள் காலையில் பள்ளிக்கு வந்து செய்தியைப் பார்த்தேன். முந்தைய இரவு நாங்கள் தூங்கப் போன பிறகு குராசாவோ என்ற தீவு ஜமைக்காவோடு 0-0 என்று சமன் செய்து, 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருந்தது. அதன் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்தைச் சற்றே தாண்டும். உலகக் கோப்பைக்கு வந்த நாடுகளிலேயே மிகச் சிறியது அது. 2011 கணக்கெடுப்பின்படி சேலம் மாநகரத்தில் மட்டும் 8 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இருக்கிறார்கள். மாவட்டத்தில் ஏறத்தாழ 35 லட்சம் பேர். இதை வைத்து உங்களைக் குத்திக்காட்ட நான் விரும்பவில்லை. இந்த ஒப்பீட்டில் உள்ள நியாயம் எது, அநியாயம் எது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், தோற்கும் அணியின் ரசிகர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதை உங்களுக்கு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் கூட்டத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஜீப் ஓட்டும் நண்பர் ஒருவர் இருக்கிறார். 2024 புத்தாண்டு அன்று அவர் ஒரு வாக்குக் கொடுத்தார். இந்தியா எந்த ஆட்டத்தில் வென்றாலும் மறுநாள் சேலத்துக்கு இறங்கிப்போய், அத்தனை பேருக்கும் தட்டுவடை செட் வாங்கி வருவதாகச் சொன்னார். அந்த ஆண்டு இந்தியா 11 ஆட்டங்கள் ஆடியது. 6 தோல்வி, 5 சமன். ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியாவிடமும் உஸ்பெகிஸ்தானிடமும் சிரியாவிடமும் தோற்றோம். அந்த மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோல்கூடப் போடவில்லை. ஆண்டு முழுவதற்குமாக நாம் போட்ட கோல்கள் நான்கு. ஒவ்வொரு ஆட்டமும் முடியும்போது யாராவது ஒருவர் “அண்ணே, காரம் தூக்கலாச் சொல்லி வையுங்க” என்பார், கடையே சிரிக்கும். டிசம்பர் முடிந்தபோது அவர் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை. அதைப் பற்றி அவருக்கு இருந்த வருத்தம் எனக்குத்தான் தெரியும். தனியாக ஒருநாள் என்னிடம், “இந்தக் காசு என் பையில இருக்கறது எனக்கே பிடிக்கல சார்” என்றார்.

மிளகு வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். ஆட்டம் 80-வது நிமிடத்தைத் தாண்டும்போது கோல் கணக்கு சமமாக இருந்தால், மப்ளரைச் சுற்றிக்கொண்டு அவர் வெளியே போய் நின்றுவிடுவார். தான் பார்த்துக்கொண்டிருந்தால் கடைசி நேரத்தில் கோல் விழுந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. நாங்கள் அதை மாற்ற முயன்றதில்லை. 2025 ஜூன் 10 அன்று ஹாங்காங்கில் ஆட்டம் 0-0 என்று போய்க்கொண்டிருந்தபோதும் அவர் வெளியேதான் நின்றார். 90 நிமிடமும் முடிந்து, நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரத்தில் நம் கோல் கீப்பர் பந்தைக் குத்தப் போக, கை எதிராளி மீது பட்டு, பெனால்டி கொடுக்கப்பட்டு, கோலும் விழுந்தது. உள்ளே ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. சிறிது நேரம் கழித்துக் கதவைத் திறந்து எட்டிப்பார்த்த பெரியவர், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, “இந்தத் தடவை நான் பாக்கலையே” என்றார். அந்தக் குரலில் ஒரு சின்னப் பிள்ளையின் முறையீடு இருந்தது. அடுத்த கணம் அவரே சிரித்தார், நாங்களும் சிரித்தோம். சிரிக்காமல் அந்த இரவைக் கடக்க எங்களுக்கு வேறு வழி தெரிந்திருக்கவில்லை.

எல்லாத் தோல்விகளும் அப்படிச் சிரிப்பில் கரைவதில்லை. 2024 ஜூன் 11 அன்று தோஹாவில் கத்தாருக்கு எதிராக 1-0 என்று முன்னிலையில் இருந்தோம். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் மூன்றாம் கட்டத்துக்கு முதன்முறையாகப் போய்விடுவோம் என்ற நம்பிக்கை வந்த நேரத்தில், கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை மீண்டும் உள்ளே இழுத்துக் கோல் போட்டார்கள். நடுவர் அதை ஏற்றுக்கொண்டார். அதன்பின் இன்னொரு கோலும் விழுந்து 1-2 என்று தோற்றோம். அன்று என்னோடு பார்த்துக்கொண்டிருந்த பத்தாம் வகுப்புப் பையன்கள் மூவர் அழுதார்கள். அவர்களிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், பந்து முழுவதும் கோட்டைத் தாண்டினால்தான் வெளியே என்ற விதியை அந்த நள்ளிரவில் தரையில் சாக்பீஸால் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தேன். விதி அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

பிறகு 2025 மார்ச் 19. ஷில்லாங்கில் மாலத்தீவை 3-0 என்று வென்றோம். 2023 நவம்பரில் குவைத்தை வென்றதற்குப் பிறகு 16 மாதங்கள் கழித்துக் கிடைத்த முதல் வெற்றி அது. அடுத்த நாள் மதியமே ஜீப்பை எடுத்துக்கொண்டு நண்பர் கீழே இறங்கினார். மாலையில் இரண்டு பெரிய பைகளோடு வந்தார். செட்டாக வாங்கினால் மலை ஏறுவதற்குள் நமத்துப் போய்விடும் என்பதால், தட்டுவடையைத் தனியாகவும், துருவிய பீட்ரூட்டையும் கேரட்டையும் தனியாகவும், இரண்டு வகைச் சட்னிகளைத் தனித்தனிப் பொட்டலங்களாகவும் கட்டி வாங்கி வந்திருந்தார். டீக்கடை மேசையில் ஒரு தட்டுவடையை வைத்து, சட்னி தடவி, காய்த்துருவலை அள்ளி வைத்து, மேலே இன்னொரு தட்டுவடையை மூடி, ஒவ்வொருவர் கையிலும் அவரே கொடுத்தார். மாலத்தீவு பலம் வாய்ந்த அணி இல்லை என்பது எங்கள் அனைவருக்கும் தெரியும். மூன்றாவது கோலைப் போட்டவர் ஓய்வு அறிவித்துவிட்டுத் திரும்ப அழைத்து வரப்பட்ட 40 வயது சுனில் சேத்ரி என்பதும் தெரியும். அன்று அதைப் பற்றி யாரும் பேசவில்லை. 15 நாள் பட்டினி கிடந்தவனுக்குக் கஞ்சி கிடைத்தால் அது என்ன அரிசி என்று கேட்பானா?

அடுத்த ஆறாம் நாள் அதே ஷில்லாங்கில் வங்கதேசத்தோடு 0-0. அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம், முதலில் கோல் போட்டுவிட்டு, 1-2 என்று தோல்வி. 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பும் கைவிட்டுப் போனது. 2023 ஜூலையில் உலகத் தரவரிசையில் 99-வது இடத்தில் இருந்த அணி, 2025 நவம்பரில் 142-வது இடத்துக்கு இறங்கியது.

“எதுக்கு சார் இந்த டீமைப் பாக்கறீங்க?” என்று என் சக ஆசிரியர்களே கேட்கிறார்கள். இங்கிலாந்து லீக் பார்க்கலாம், ஸ்பெயின் லீக் பார்க்கலாம், வெற்றி பெறும் அணியாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். நான் அந்த ஆட்டங்களையும் பார்ப்பவன்தான். ஆனால் அணி என்பது தேர்ந்தெடுப்பது இல்லை என்று என் அப்பாவிடம் கற்றுக்கொண்டேன். காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதிக்கொண்டிருந்த அவர், 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியைப் பற்றிச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். குழு ஆட்டத்தில் 0-2 என்று நம்மை வீழ்த்திய தென் கொரியாவை இறுதி ஆட்டத்தில் 2-1 என்று வென்று தங்கம் வாங்கினோம். தலையில் தையல் போட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை முன்களத்தில் இறக்கினார் பயிற்சியாளர் ரகீம். ஜர்னைல் கோல் போட்டார். அந்த அணியை உருவாக்கிய ரகீம் அடுத்த ஆண்டே புற்றுநோயால் இறந்தார். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு வேறு எந்த நாட்டு அணி சொந்தமாக முடியும்?

ஐயா, அம்மா, உங்களிடம் நான் கேட்க வந்தது வெற்றி இல்லை. பயிற்சியாளரை மாற்றுங்கள் என்றும் கேட்க வரவில்லை. 2024 ஜூனில் ஸ்டிமாச் போனார், மனோலோ மார்க்கேஸ் வந்தார். ஓராண்டில் அவரும் போனார், காலித் ஜமீல் வந்தார். ஆளை மாற்றும்போதெல்லாம் ஏதோ நடவடிக்கை எடுக்கப்பட்டது போன்ற ஒரு நிம்மதி எல்லாருக்கும் கிடைக்கிறது. பத்து நாள், பதினைந்து நாள் முகாமில் எந்தப் பயிற்சியாளரும் ஒருவனைக் கால்பந்து வீரனாக மாற்றிவிட முடியாது. அவன் பத்து வயதிலிருந்து இருபது வயதுவரை எத்தனை ஆட்டம் ஆடினானோ அத்தனை ஆட்டத்தைத்தான் அந்த முகாமுக்குள் எடுத்து வருகிறான். நம் அணி ஏன் தோற்கிறது என்பதற்கு 23 ஆண்டுகள் மைதானத்தில் நின்று நான் கண்ட காரணம் இதுதான்: நம் பிள்ளைகள் ஆடுவதே இல்லை. பயிற்சி எடுக்கிறார்கள், ஓடுகிறார்கள், பந்தை உதைக்கிறார்கள். ஆட்டம் ஆடுவதில்லை.

எப்படி என்று சொல்கிறேன். 2019-இல் எட்டாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன் எனக்கு இருந்தான். மலைக்கிராமத்துப் பையன், அப்பா, அம்மா இருவரும் காப்பித் தோட்டத்தில் வேலை செய்தார்கள். இடது காலால் அவன் பந்தை நிறுத்தும் விதத்தைப் பார்த்து, இவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று முதல் நாளே திகைத்தேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சரிவான நிலத்தில் ஆடிப் பழகியவன், பந்தை நிறுத்தத் தெரியாவிட்டால் அது உருண்டு பள்ளத்துக்குப் போய்விடும், யாராவது இறங்கி எடுத்து வர வேண்டும். அவ்வளவுதான் அவனுக்குக் கிடைத்த பயிற்சி.

அந்த ஆண்டு எங்கள் அணியைக் கீழே ஒரு போட்டிக்கு அழைத்துப் போனேன். விடியற்காலை, பனி மூட்டத்தில், முதல் பஸ். கொண்டை ஊசி வளைவுகள் 20 இருக்கின்றன. மூன்று பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள், அவனும் ஒருவன். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே இறங்கினான். பள்ளியில் 9 ஜோடி பூட்ஸ்தான் இருந்தது, மற்றவர்கள் வெறுங்கால். காலை 9 மணிக்கு என்று சொல்லப்பட்ட ஆட்டம் மதியம் ஒன்றரை மணிக்குத் தொடங்கியது. குளிரில் வளர்ந்த பிள்ளைகள் சேலத்து வெயிலில் நாலரை மணி நேரம் ஒரு வேப்ப மரத்தடியில் காத்துக்கிடந்தார்கள். பாதிக்கு 25 நிமிடம். அவன் காலில் பந்து வந்த தடவைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்: 14 முறை. அதில் ஒரு முறை இருவரைத் தாண்டிப் போய் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஒரு கார்னர் கிக்கில் கோல் வாங்கி, 0-1 என்று தோற்றோம். நாக்-அவுட் போட்டி, தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

திரும்பும்போது, அடிவாரத்தில் பஸ் நின்றிருந்த சமயம், முன் இருக்கையிலிருந்து திரும்பி அவன் கேட்டான்: “சார், அடுத்த மேட்ச் எப்போ?”

அடுத்த வருடம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்க்கலாம் என்றேன். அடுத்த வருடம் கொரோனா வந்தது. அதற்கடுத்த வருடம் அவன் பள்ளியில் இல்லை. இப்போது ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை செய்கிறான். வடமாநிலங்களில் மாதக்கணக்கில் சுற்றுகிறான். இந்தியா ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் எனக்கு போன் செய்வான். டாக்கா ஆட்டம் முடிந்த இரவும் செய்தான். பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. “அந்த லெஃப்ட் விங்ல பந்தை நிறுத்தாம விட்டுட்டாங்க சார்” என்றான்.

என் மாணவன் இந்திய அணிக்குப் போயிருப்பான் என்று நான் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்வதற்கு ஒரு வழி இருந்தது, அவனை ஆட வைத்துப் பார்த்திருக்க வேண்டும். அந்த வழியை நாம் அவனுக்குத் திறக்கவில்லை.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 16 அணிகள் கலந்துகொள்ளும் நாக்-அவுட் போட்டியில் மொத்தம் 15 ஆட்டங்கள். அதில் 8 அணிகள் ஒரே ஒரு ஆட்டத்தோடு வீடு திரும்பும். இறுதிவரை போகும் இரண்டு அணிகளே நான்கு ஆட்டங்கள்தான் ஆடும். குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகள், முதலமைச்சர் கோப்பை என்று எங்கள் பிள்ளைகளுக்குப் போட்டிகளின் பெயர்கள் பல இருக்கின்றன. அரசு அதற்குச் செலவும் செய்கிறது. ஆனாலும் ஒரு சராசரிப் பள்ளி அணியின் பிள்ளைக்கு ஆண்டில் கிடைப்பது நான்கைந்து ஆட்டம். அதே நேரம் வெறும் 8 அணிகளை வைத்து, ஒவ்வொன்றும் மற்ற ஏழோடு இரண்டு முறை மோதும் லீக் நடத்தினால், 56 ஆட்டங்கள் ஆகும். ஒவ்வோர் அணிக்கும் 14. ஞாயிறுக்கு நான்கு ஆட்டம் என்றால் 14 ஞாயிறுகளில் முடிந்துவிடும். இந்த வாரம் தோற்றவன் அடுத்த வாரம் வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டிருப்பான். எங்கே தவறினோம் என்று திருத்திக்கொண்டு வருவான். தோற்றதும் வீட்டுக்கு அனுப்பப்படும் பிள்ளைக்குத் தோல்வியிலிருந்து கற்றுக்கொள்ள வாய்ப்பே இல்லை.

குராசாவோவைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். அந்த அணியின் வீரர்களில் பெரும்பாலானோர் நெதர்லாந்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அதனால் ஒன்றரை லட்சம் பேரிலிருந்து எழுந்த அணி என்று சொல்வது முழு உண்மை ஆகாது. உங்கள் தரப்பில் நியாயமாகச் சொல்லக்கூடியது இது. ஆனால் அங்கே வளர்ந்த பிள்ளைக்குக் கிடைத்தது என்ன? அந்த நாட்டில் ஊருக்கு ஊர் கிளப் இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளையும் வார இறுதியானால் லீக் ஆட்டம் ஆடுகிறது. 18 வயதில் அவன் ஒரு தேசிய அணியின் கதவைத் தட்டும்போது சில நூறு ஆட்டங்களைக் காலில் சுமந்துகொண்டு வருகிறான்.

இதற்கு வெளிநாட்டு உதாரணமே வேண்டியதில்லை, எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த நடராஜன் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆடி, ஐ.பி.எல். ஆடி, 2020 டிசம்பரில் ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவுக்காகப் பந்து வீசினார். அவருடைய திறமையும் உழைப்பும் அவருடையவை. ஆனால் ஏறுவதற்கு அவருக்கு முன்னால் படிகள் இருந்தன. ஒவ்வொரு படியிலும் ஆட்டங்கள் இருந்தன. அதே சேலம் மாவட்டத்தில் அதே வயதில் கால்பந்து ஆடியவனுக்குப் பள்ளி முடிந்ததும் அடுத்த படி எது என்று என்னைக் கேட்டால், ஓர் உடற்கல்வி ஆசிரியனாக என்னிடம் சுருக்கமான பதில் இல்லை.

கால்பந்தின் உச்சிப் படியும் ஆட்டம் கண்டுவிட்டது. வணிக உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் 2025 ஜூலையில், நாட்டின் முதன்மைக் கால்பந்து லீக்கான ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) நிறுத்திவைக்கப்பட்டது. வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும் லீக், 2026 பிப்ரவரியில்தான் தொடங்கும் என்று அறிவிக்கப்பட்டது. 14 அணிகள், 91 ஆட்டங்கள், அதாவது ஓர் அணிக்கு 13. இங்கிலாந்தில் ஓர் அணி லீக்கில் மட்டும் 38 ஆட்டங்கள் ஆடுகிறது. நாட்டின் தலைசிறந்த வீரர்களே மாதக்கணக்கில் லீக் ஆட்டமில்லாமல் இருந்துவிட்டு அக்டோபரில் சிங்கப்பூரையும் நவம்பரில் வங்கதேசத்தையும் எதிர்கொண்டார்கள். அந்த 90 நிமிடங்களில் அவர்கள் கால்கள் கனத்துப் போனதற்கு அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஒரே ஒரு முறை, வெல்லும் அணியின் ரசிகர்களாக நாங்கள் இருந்திருக்கிறோம். 2019 மார்ச் 9. சென்னை சிட்டி அணி கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஐ-லீக் என்ற தேசிய லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. கடைசி ஆட்டத்தில் வென்றால் கோப்பை. ஜீப்பில் அடைத்துக்கொண்டு ஏற்காட்டிலிருந்து போனோம். ஆரம்பத்திலேயே கோல் வாங்கியதும், பெரியவர் எழுந்து வெளியே போகப் பார்த்தார். பிடித்து உட்கார வைத்தோம். மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று கோப்பையைத் தூக்கினார்கள். திரும்பும் வழியில் பவானியில் வண்டியை நிறுத்தி, நள்ளிரவில் ஒரு கடையில் பரோட்டா சாப்பிட்டது இன்னும் நாக்கில் இருக்கிறது. மூன்று ஆண்டுகள்கூட முழுதாக ஆகவில்லை, அந்த அணி தேசிய லீக்கில் இல்லாமல் போயிற்று. அன்று வாங்கிய துண்டை நான் இன்னும் மடித்து வைத்திருக்கிறேன். போட்டுக்கொண்டு போக ஆட்டம் இல்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 ஜூலை 5 அன்று தாய்லாந்து மண்ணில் தாய்லாந்தையே 2-1 என்று வென்று, நம் மகளிர் அணி தகுதிச் சுற்றின் வழியாக ஆசியக் கோப்பைக்குப் போனது. இரண்டு கோல்களையும் போட்டவர் சங்கீதா பாஸ்ஃபோர். 2018-லும் 2023-லும் தமிழ்நாட்டு மகளிர் அணி தேசியச் சாம்பியன் ஆனது. இவ்வளவும் நடந்த பிறகும் என் பள்ளியில் ஆட விரும்பும் 11 மாணவிகளுக்கு எதிரணி கிடைக்காமல், பையன்களோடு சேர்ந்து ஆடுகிறார்கள். நன்றாகவே ஆடுகிறார்கள்.

நீங்கள் 2023 ஜனவரியில் வெளியிட்ட தொலைநோக்குத் திட்டத்தில், 2047-க்குள் ஆசியாவின் முதல் நான்கு அணிகளில் ஒன்றாக இந்தியா இருக்க வேண்டும் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். எனக்கு இப்போது 49 வயது. அந்த நாளைப் பார்க்க நான் இருப்பேன் என்று நம்புகிறேன். ஆனால் 2047-இல் ஆடப்போகும் வீரர்களில் பலர் இப்போதுதான் நடை பழகிக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் சிலர் பிறக்கவே இல்லை. அவர்களுக்குப் பத்து வயது ஆகும்போது, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் ஊரில் ஓர் ஆட்டம் இருக்குமா என்பதுதான் என் கேள்வி.

12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக 2018-இல் நீங்கள் தொடங்கிய கோல்டன் பேபி லீக் நல்ல யோசனை. சிறிய மைதானம், சிறிய அணி, தோற்றாலும் தொடர்ந்து ஆட்டம் என்ற அந்த முறையை அப்படியே 13 முதல் 17 வயது வரைக்கும் நீட்டுங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் இந்த வயதினருக்கு ஒரு லீக் கட்டாயம் என்று மாநிலச் சங்கங்கள் வழியாக விதி செய்யுங்கள். ஒரு மாவட்டம் எத்தனை கோப்பை வென்றது என்பதைவிட, அந்த மாவட்டத்தில் ஒரு பிள்ளை ஆண்டில் சராசரியாக எத்தனை ஆட்டம் ஆடியது என்ற எண்ணை வைத்து அங்கீகாரமும் நிதியும் கொடுங்கள். அந்த எண்ணை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். நாக்-அவுட் போட்டிகள் இருக்கட்டும், அவை திருவிழா மாதிரி. திருவிழாச் சாப்பாட்டை மட்டும் நம்பி ஆண்டு முழுக்க ஒரு பிள்ளை வளர முடியாது. பெரிய அரங்கம் வேண்டாம். எங்களுக்கு வேண்டியது சமமான நிலம், பயிற்சி பெற்ற நடுவர்கள், பஸ் செலவு, விழுந்தால் கட்டுப் போட ஒரு முதலுதவிப் பெட்டி.

நாங்களும் கை கட்டி உட்கார்ந்திருக்கவில்லை. மலையிலும் அடிவாரத்திலுமாக ஆறு அணிகளின் ஆசிரியர்களோடும் இளைஞர்களோடும் பேசிவிட்டேன். இன்னும் இரண்டு அணிகள் சேர்ந்தால் எட்டு. காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் பெற்றோரால் ஆட்டம் பார்க்க வர முடியாது என்பதாலும், அக்டோபர், நவம்பரில் மழையும் மூட்டமும் மைதானத்தை விடாது என்பதாலும், நாட்களைப் பார்த்துப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறோம். டீக்கடைக்காரர் இடைவேளைக்கு எலுமிச்சைச் சாறு தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஜீப் நண்பர் பிள்ளைகளை இறக்கி ஏற்ற டீசல் காசு மட்டும் போதும் என்கிறார். கோடு போடச் சுண்ணாம்புத் தூள் இரண்டு மூட்டை பள்ளி அறையில் இருக்கிறது. எங்களிடம் இல்லாதது முறையான நடுவர்களும், இந்த ஆட்டங்களை ஆட்டங்களாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் உங்கள் அங்கீகாரமும்தான்.

முதல் ஞாயிறு எப்போது என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ரிக் வண்டியில் இருப்பவனும் போனில் கேட்டான். ஊருக்கு வரும் வாரத்தில் சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்துக்குக் கோட்டு நடுவராகக் கொடி பிடிக்கிறேன் என்கிறான். அவனுக்கு ஒரு தேதி சொல்ல வேண்டும். உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓர் உடற்கல்வி ஆசிரியர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.